“சீன வழக்கம் என்று நினைத்தேன்”: காதல் நாடகத்துக்குள் இன வார்ப்பும் பால் வார்ப்பும்

1986-ல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்றில் விநோதமான உளவு வழக்கு ஒன்று முடிந்தது. பெய்ஜிங்கில் இருந்த பிரெஞ்சுத் தூதரகத்தில் வேலை பார்த்த பெர்னார் பூர்சிகோ, ஷி பெய் பூ என்ற சீன ஓபரா (இசைநாடக) கலைஞர் வழியாகத் தூதரக ஆவணங்களைச் சீனத் தரப்புக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. இருவருக்கும் ஆறு ஆண்டு சிறை. அவர்கள் உறவு 1964-ல் தொடங்கியது. ஷியைப் பெண் என்றே பூர்சிகோ நம்பியிருந்தார். 1983-ல் கைதான பிறகுதான் ஷி ஓர் ஆண் என்பது வெளியே வந்தது. இவ்வளவு காலத்தில் காதலியை ஒருமுறைகூட உடையில்லாமல் பார்த்ததில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் சொன்னதாகப் பத்திரிகையில் வந்த பதில் இது: ரொம்ப நாணம் உள்ளவள் என்று நினைத்தேன், அது சீன வழக்கம் என்று நினைத்தேன்.

இந்தக் கட்டுரைக்கு வேண்டியது முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. ‘நாணம் உள்ளவள்’ என்பது பெண்ணைப் பற்றிய முன்முடிவு. ‘சீன வழக்கம்’ என்பது இனத்தைப் பற்றிய முன்முடிவு. ஒன்றுக்கு இன்னொன்று முட்டுக் கொடுக்கிறது. காதலி பிரெஞ்சுக்காரியாக இருந்திருந்தால் இரண்டாவது மாதமே சந்தேகம் வந்திருக்கும். சீனாக்காரி என்பதால் சந்தேகத்துக்குப் பதிலாக மரியாதை வந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் சீனக் குடியேறிகளின் மகனாக 1957-ல் பிறந்த நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹுவாங் இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டார். அப்படி ஒரு சீன வழக்கமே இல்லை என்பது அவருக்குத் தெரியும். 1988 மார்ச்சில் நியூயார்க்கின் பிராட்வேயில் ‘எம். பட்டர்ஃபிளை’ மேடையேறியது, அந்த ஆண்டின் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது. இன வார்ப்பும் பால் வார்ப்பும், அதாவது இனத்தையும் ஆண்-பெண்ணையும் பற்றிய ஸ்டீரியோடைப்கள், ஒரு காதல் கதைக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட வசதியான நாடகம் கிடைப்பது கடினம்.

வார்ப்பு என்ற சொல்

ஸ்டீரியோடைப் என்பது முதலில் அச்சகத்துச் சொல். ஒரு பக்கத்துக்கான ஈய எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாகக் கோப்பார்கள். கோத்த பக்கத்தின் மேல் ஈரமான காகிதக்கூழ் அட்டையையோ பிளாஸ்டரையோ வைத்து அழுத்தி அச்சு எடுப்பார்கள். அதில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் முழுப் பக்கமும் ஒரே தகடாக வந்துவிடும். எழுத்துகளைப் பிரித்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். தகட்டை வைத்து ஆயிரக்கணக்கில் அடிக்கலாம், பரணில் போட்டு வைத்துப் பத்து வருடம் கழித்தும் அடிக்கலாம். ஒரே சங்கடம், ஓர் எழுத்து தப்பென்று தெரிந்தால் லேசில் எடுத்து மாற்ற முடியாது. கோத்த எழுத்தில் சுலபமாகத் திருத்தம் செய்யலாம். வார்த்த தகட்டில் அது லேசில் நடக்காது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922-ல் இந்தச் சொல்லை மனிதர்களின் தலைக்குள் இருக்கும் படங்களுக்குப் பயன்படுத்தினார். ஆளை நேரில் பார்ப்பதற்கு முன்பே நம்மிடம் தகடு தயாராக இருக்கிறது, பார்த்ததும் அதை எடுத்து அடிக்கிறோம். அதனால்தான் இங்கே ‘வார்ப்பு’ என்கிறோம்.

புதிதாகப் படிப்பவர்கள் முதலில் சறுக்குவது ஓரிடத்தில். வார்ப்பு என்றால் இழிவாகப் பேசுவது என்று நினைத்து வசனத்தில் வசவைத் தேடுவார்கள். ‘ஆசியப் பெண் மென்மையானவள், பொறுமைசாலி, கணவனே கண்கண்ட தெய்வம்’ என்பதில் வசவே இல்லை, முழுக்கப் புகழ்ச்சி. ஆனால் தகடு அதேதான். திட்டுகிற வார்ப்பை எதிர்ப்பது சுலபம். புகழ்கிற வார்ப்பைப் புகழப்படுபவரே சில நேரம் ஏற்றுக்கொள்வார்.

காசு எண்ணியவள் கத்தி எடுத்த கதை

ஹுவாங்கின் நாடகம் பேசுவது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘மதாமா பட்டர்ஃபிளை’ ஓபராவோடு. அதன் கதை இது: அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிங்கர்டன் நாகசாகியில் பதினைந்து வயது சோ-சோ-சானை மணக்கிறான், கப்பலேறிப் போகிறான். அவள் மூன்று ஆண்டுகள் காத்திருக்கிறாள். அவன் அமெரிக்க மனைவியோடு திரும்பி வந்து பிள்ளையைக் கேட்கிறான். அவள் தன் தந்தையின் கத்தியால் உயிரை விடுகிறாள்.

இந்தக் கதை புச்சினியிடம் வந்து சேர்ந்த வழிதான் சுவாரஸ்யம். 1887-ல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பியர் லோத்தி எழுதிய நாவலில், நாகசாகியில் தற்காலிக மனைவியை அமர்த்திக்கொண்ட நாயகன் கிளம்பும் நாளில் எதிர்பாராமல் வீட்டுக்குத் திரும்புகிறான். அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று எதிர்பார்க்கிறான். அவளோ அவன் கொடுத்த வெள்ளிக் காசுகளைத் தரையில் பரப்பி, நல்ல காசா செல்லாக் காசா என்று சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தபடி பாடிக்கொண்டிருக்கிறாள். 1898-ல் அமெரிக்கரான ஜான் லூதர் லாங் எழுதிய சிறுகதையில் அவள் கத்தியை எடுக்கிறாள், ஆனால் சாகவில்லை. மறுநாள் பிங்கர்டனின் மனைவி வந்து பார்க்கும்போது வீடு காலியாக இருக்கிறது. 1900-ல் டேவிட் பெலாஸ்கோவின் நியூயார்க் நாடகத்தில் செத்தே போகிறாள். 1904-ல் மிலானில், புச்சினியின் கையில், அந்தச் சாவுக்கு உலகின் மிக உருக்கமான இசைகளில் ஒன்று சேர்ந்தது. முதல் நாள் ரசிகர்கள் கூச்சலிட்டு விரட்டினார்கள் என்பதும், திருத்திய வடிவம் மூன்று மாதம் கழித்து பிரெஷா நகரில் வென்றது என்பதும் வேறு கதை.

லோத்தி நாகசாகியைப் பார்த்தவர். லாங் ஜப்பானுக்குப் போனதே இல்லை, அங்கே வசித்த அக்காவிடம் கேட்டு எழுதினார். புச்சினியும் போனதில்லை. ஆளிடமிருந்து தூரம் கூடக் கூட அவளுடைய தியாகமும் கூடியிருக்கிறது. வாடகை மனைவியாகத் தொழில் செய்து காசைச் சரிபார்த்த ஒருத்தி, பதினேழு ஆண்டுகளில் நான்கு பேர் கைமாறி, காதலுக்காகச் சாகும் தெய்வப் பிறவி ஆகிவிட்டாள். லோத்தியும் அவளை மதித்து எழுதவில்லை, பொம்மை மாதிரித்தான் எழுதினார். ஆனாலும் அந்தச் சுத்தியல் ஓர் உண்மையான ஆளுடைய கையில் இருந்தது.

ஓபராவின் முதல் அங்கத்தில் கவனிக்க வேண்டிய சின்ன விவரம் ஒன்று. பிங்கர்டன் வீட்டை 999 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறான், மாதாமாதம் ரத்து செய்துகொள்ளும் உரிமையோடு. கல்யாணமும் அதே நிபந்தனையில்தான் என்று சிரிக்கிறான். கையில் மதுக்கோப்பையோடு, ஒரு நாள் தான் செய்யப்போகும் ‘உண்மையான’ அமெரிக்கக் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்கிறான். அதே காட்சியில் அமெரிக்க தேசிய கீதத்தின் மெட்டு வருகிறது. ஒரு தனி மனிதனின் கயவாளித்தனம் என்று தள்ளிவிட முடியாதபடி இசையே கொடியைக் கொண்டுவந்து நட்டுவிடுகிறது. சோ-சோ-சானோ அவனுக்காகத் தன் மதத்தை விட்டு, உறவினரின் சாபத்தை வாங்கி, அமெரிக்கச் சட்டத்தில் கணவன் சும்மா விட்டுப் போக முடியாது என்று வாதாடிக்கொண்டு காத்திருக்கிறாள். அமெரிக்காவில் ராபின் பறவை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கூடு கட்டும் என்று தூதரிடம் கேட்கிறாள். கூடு கட்டும் காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனானாம். இங்கே மூன்று முறை கட்டிவிட்டது, அங்கே கொஞ்சம் தாமதமோ என்னவோ.

புரட்டிப் பார்க்கும் சோதனை

ஹுவாங்கின் நாடகத்தில் பூர்சிகோவின் இடத்தில் ரெனே காலிமார் என்ற பிரெஞ்சுத் தூதரக அதிகாரி. பெய்ஜிங்கில் ஒரு விருந்தில் சாங் லிலிங் என்ற கலைஞர் பட்டர்ஃபிளையின் மரணக் காட்சியைப் பாடுவதைக் கேட்டு உருகிப்போகிறான். ‘எவ்வளவு தூய்மையான தியாகம்’ என்கிறான். சாங் மடக்குகிறாள். பொன்னிறக் கூந்தலுள்ள அமெரிக்கக் கல்லூரி அழகி ஒருத்தி, குள்ளமான ஜப்பானிய வியாபாரி ஒருவனைக் காதலிக்கிறாள் என்று வைத்துக்கொள். அவன் அவளைக் கொடுமையாக நடத்திவிட்டு ஊருக்குப் போய்விடுகிறான். அவள் மூன்று வருடம் அவன் படத்தைக் கும்பிட்டு, பெரிய இடத்துச் சம்பந்தத்தையும் தட்டிக் கழித்து, அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்று தெரிந்ததும் சாகிறாள். அவளைப் பைத்தியம் என்றுதானே சொல்வாய்? கிழக்கத்தியப் பெண் வெள்ளைக்காரனுக்காகச் செத்தால் மட்டும் அழகு.

எந்தக் கலப்புக் காதல் கதைக்கும் இந்தச் சோதனையை நாமே செய்யலாம். ஒரே ஒரு கண்டிப்பு: முதலில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், கடைசியில்தான் இரண்டையும். முதலில் இனத்தை மட்டும் மாற்றுங்கள். சாங் செய்தது அதுதான். சாகிறவள் பெண்தான், ஆனால் வெள்ளைக்காரி. கதை அபத்தமாகிறது. அடுத்து, பழையபடி வைத்துவிட்டு பாலை மட்டும் மாற்றுங்கள். ஒரு ஜப்பானிய இளைஞன் அமெரிக்கப் பெண் அதிகாரி ஒருத்திக்காக மூன்று வருடம் வாசலில் நின்று கடைசியில் வயிற்றைக் கிழித்துக்கொள்கிறான். பரிதாபம் வரலாம், ‘அழகு’ என்று யாரும் கைதட்ட மாட்டார்கள். மூன்றாவதாக இரண்டையும் மாற்றுங்கள்: ஒரு வெள்ளைக்கார ஆண் ஆசியப் பெண்ணுக்காகச் சாகிறான். அதை ஹுவாங் கடைசிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்.

நான்கு சேர்க்கைகளில் ஒன்றில் மட்டும்தான் தியாகம் தியாகமாகத் தெரிகிறது. இனமும் பாலும் இரண்டு தனித் தகடுகள் அல்ல, பற்றவைத்த ஒரே தகடு என்பதற்கு இதுவே சாட்சி. ‘இதில் இனவாதம் எவ்வளவு, ஆணாதிக்கம் எவ்வளவு’ என்று பிரித்துப் பங்கு போட்டுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். கிழக்கு என்பதே பெண்ணாகவும், மேற்கு என்பதே ஆணாகவும் வார்க்கப்பட்டிருக்கிறது. பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத் 1978-ல் ‘ஓரியண்டலிசம்’ நூலில் மேற்கின் புலமை எழுத்துகளில் காட்டிய அந்த உறவை, ஹுவாங் ஒரு படுக்கையறைக்குள் கொண்டுவந்து வைக்கிறார்.

நாடகத்தில் இதை வெளிப்படையாகச் சொல்வது நீதிமன்றக் காட்சி. கோட்டும் சூட்டும் போட்ட ஆணாக நிற்கும் சாங்கிடம் நீதிபதி கேட்கிறார், எப்படி ஏமாற்றினாய் என்று. சாங் இரண்டு விதி சொல்கிறான். ஆண்கள் தாங்கள் கேட்க விரும்புவதையே நம்புவார்கள் என்பது முதலாவது. இரண்டாவது, மேற்கு தன்னைப் பெரிய துப்பாக்கி, பெரிய ஆலை, பெரிய பணம் என்று ஆணாக நினைத்துக்கொள்கிறது. அதனால் கிழக்கு பலவீனமான, மென்மையான, புரியாத ஞானமுள்ள பெண்ணாகிவிடுகிறது. கிழக்கத்தியனாக இருப்பதால் நான் முழு ஆணாக இருக்கவே முடியாது என்று முடிக்கிறான்.

இது வெறும் மேடைப் பேச்சல்ல. அமெரிக்காவில் 1875-ன் பேஜ் சட்டம் நடைமுறையில் சீனப் பெண்கள் உள்ளே வருவதை அடைத்தது. 1882-ன் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்களின் வரவையே நிறுத்தியது. ஏற்கெனவே வந்திருந்த ஆண்கள் குடும்பமின்றித் தங்கினார்கள். மற்ற வேலைகளிலிருந்து துரத்தப்பட்டு, சலவைக்கடைக்கும் சமையலறைக்கும் போனார்கள். அன்றைய கணக்கில் அவை பெண்கள் வேலை. பல மாநிலங்களில் அவர்கள் வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கவும் சட்டம் விடவில்லை. அத்தகைய தடைகள் நாடு முழுக்கச் செல்லாமல் போனது 1967-ல்தான். ‘ஆண்மையற்ற ஆசிய ஆண்’ என்ற வார்ப்பு இப்படிச் சட்டத்திலும் சோப்புத் தண்ணீரிலும் தயாரானது.

வார்ப்பு ஓர் ஆளுக்குள் என்ன செய்கிறது

காலிமார் வில்லன் இல்லை. பெண்களிடம் கூச்சப்படும், நண்பர்கள் கேலி செய்யும் சாதாரண ஆள். பிங்கர்டனாக இருக்கத் தகுதியில்லாதவனுக்கு அந்த வேடத்தை வார்ப்பு இலவசமாகத் தருகிறது. சாங்கைச் சந்தித்த பிறகு வேண்டுமென்றே ஐந்து வாரம் போகாமல் இருந்து பார்க்கிறான். சாங்கிடமிருந்து கடிதங்கள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் கெஞ்சல் கூடுகிறது. பட்டாம்பூச்சியைப் பிடித்து ஊசி குத்தி வைக்கிற சுகம் அவனுக்கு. எழுதுகிற ஆள் அந்தக் கெஞ்சலைக் கணக்குப் பார்த்து எழுதுகிறார் என்பது அவன் மனதில் தோன்றவே இல்லை.

பீகிங் ஓபராவில் பெண் வேடத்துக்கு ‘டான்’ என்று பெயர்; மெய் லான்ஃபாங் போன்ற ஆண் கலைஞர்கள் அதில்தான் உலகப் புகழ் பெற்றார்கள். நம்மூர் பாய்ஸ் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் போல. பெண் வேடத்தை ஏன் ஆண்கள் போடுகிறார்கள் தெரியுமா என்று சாங் ஓரிடத்தில் கேட்டு, பெண் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது ஆணுக்கு மட்டும்தான் தெரியும் என்று பதிலும் சொல்கிறான். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்ற பட்டியலை யார் தயாரித்தார்கள் என்று யோசித்தவர்களுக்கு இந்த வசனம் உறைக்கும். காலிமார் காதலித்தது ஒரு பெண்ணை அல்ல, ஆண்கள் எழுதிய அந்தப் பட்டியலை. பட்டியலைப் பிசகாமல் நடித்துக் காட்ட இன்னொரு ஆணால்தான் முடிந்தது.

படுக்கையறையில் கிடைத்த தைரியத்தை காலிமார் அலுவலகத்துக்கும் எடுத்துப் போகிறான். பதவி உயர்வு வருகிறது. கிழக்கத்தியர்கள் பெரிய பலத்துக்குக் கடைசியில் பணிந்துவிடுவார்கள் என்று வியட்நாம் பற்றித் தூதருக்கு ஆலோசனை சொல்கிறான். கணிப்பு பொய்க்கிறது, அவனைப் பாரிஸுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். காதல் கதைக்கு நடுவே வியட்நாம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அதை வெட்டினால் நாடகமே மிஞ்சாது: ஒரு பெண்ணைத் தப்பாகப் படித்த அதே கண்ணாடிதான் ஒரு நாட்டையும் தப்பாகப் படிக்கிறது.

மேடையில் பார்க்க வேண்டிய இடம் இரண்டாம் அங்கத்தின் முடிவு. சாங் பார்வையாளர்களைப் பார்த்து, உடை மாற்ற ஐந்து நிமிடம் ஆகும், நீங்கள் வேண்டுமானால் கால் நீட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, மேடையிலேயே கண்ணாடி முன் உட்கார்ந்து ஒப்பனையைத் துடைக்கத் தொடங்குகிறார். இடைவேளையிலும் நாடகம் நிற்பதில்லை. வார்ப்பு கழற்றி வைக்கக்கூடிய பொருள் என்பதை வசனமில்லாமல் காட்டும் நிமிடங்கள் அவை. மூன்றாம் அங்கத்தில் சாங் எல்லாவற்றையும் களைந்து நிற்கும்போது காலிமார் சிரித்துவிட்டு அவனை வெளியே போகச் சொல்கிறான். உண்மை கண் முன்னால் நிற்கிறது. அவனுக்குக் கற்பனைதான் வேண்டும். கடைசியில் தானே கிமோனோ உடுத்தி, முகத்துக்கு வெள்ளை பூசி, பட்டர்ஃபிளையாகச் சாகிறான். சூட் போட்ட சாங் சிகரெட் புகைத்தபடி ‘பட்டர்ஃபிளை?’ என்று கூப்பிடுகிறான். நாம் மூன்றாவதாக வைத்திருந்த சேர்க்கை இதுதான். தலைப்பில் இருக்கும் ‘எம்’ பிரெஞ்சில் ‘மிஸ்டர்’ என்பதன் சுருக்கம். அந்த ‘மிஸ்டர் பட்டர்ஃபிளை’ யார் என்பது இந்த நிமிடம்வரை திறந்தே கிடக்கிறது.

ஒரு பிரதியைப் படிக்கும்போது

பென்சிலோடு உட்காருங்கள். யார் காத்திருக்கிறார், யாருடைய திட்டப்படி கதை நகர்கிறது, யார் மதம், பெயர், உடை மாற்றுகிறார், கடைசியில் யார் சாகிறார் அல்லது கதையை விட்டு வெளியேறுகிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். எல்லாக் குறியும் ஒரே ஆள் மேல் விழுந்தால் அங்கே தகடு இருக்கிறது. யாருக்கு உண்மைப் பெயர் இல்லை என்றும் பாருங்கள்: காலிமார் காதலியைக் கூப்பிடுவது ‘பட்டர்ஃபிளை’ என்று.

தப்பு நடக்கும் இடங்கள் சில உண்டு. கிமோனோவோ தேநீரோ வந்தாலே வார்ப்பு என்று கத்துவது ஒன்று. பண்பாட்டு விவரம் வேறு, அந்த விவரத்தை வைத்து ஆளின் குணத்தை முடிவு கட்டுவது வேறு. இன்னொன்று, பாத்திரம் நம்புவதை நாடகமும் நம்புகிறது என்று எடுத்துக்கொள்வது. காலிமார் தன் சிறை அறையிலிருந்து கதை சொல்கிறான், பெரும்பாலும் அவன் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். அந்தப் பார்வைக்கு நாடகம் என்ன விலை வாங்குகிறது என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். புச்சினியிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். அவர் பிங்கர்டனை நல்லவனாகக் காட்டவில்லை, ஆனால் அவள் சாவை அவ்வளவு இனிமையாக்கியதில் ரசிகர்கள் அவனை மறந்துவிட்டு அழுதுவிட்டுப் போகிறார்கள்.

மூன்றாவது, திருப்பிப் போட்டால் வார்ப்பு உடைந்துவிடும் என்று நம்புவது. ஹுவாங்கே இதில் முழுதாகத் தப்பவில்லை. அடங்கிய ஆசியப் பெண் என்ற தகட்டை உடைக்கப் போனவர், பெண் தன்மையுள்ள தந்திரக்கார ஆசிய ஆண் என்ற பழைய தகட்டை எடுத்துவிட்டார் என்று ஆசிய-அமெரிக்க விமர்சகர்கள் சிலர் அப்போதே குறை சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. தோழர் சின் என்ற கம்யூனிஸ்ட் பெண் அதிகாரி வெறும் கேலிச் சித்திரம். காலிமாரின் மனைவி ஹெல்காவும் கைக்கருவியாகத்தான் வந்துபோகிறாள். பெண் வார்ப்பைப் பற்றிய நாடகத்தில் முழு உருவமுள்ள பெண் ஒருத்திகூட இல்லை. வார்ப்பைப் பற்றிய கதை என்பதால் அது தேவைதான் என்று வாதாடுபவர்களும் உண்டு. நமக்கு அது பாதிச் சமாதானம்தான்.

பிரதியோடு முடிந்தும் போவதில்லை, யார் நடிக்கிறார் என்பதும் உண்டு. பட்டர்ஃபிளை கதையை வியட்நாமுக்குக் கொண்டுபோன ‘மிஸ் சைகான்’ இசைநாடகம் 1989-ல் லண்டனில் வந்தது. அதில் பாதி வியட்நாமியப் பாத்திரமாக வெள்ளைக்கார நடிகர் ஜானதன் பிரைஸ், கண்ணுக்கு ஒட்டுப் போட்டு, தோலுக்குச் சாயம் பூசி நடித்தார். அதே ஏற்பாடு நியூயார்க்குக்கு வரப்போவது தெரிந்ததும் ஹுவாங்கும், சாங்காக நடித்து டோனி வென்ற பி.டி. வாங்கும் எதிர்த்தார்கள். 1990 ஆகஸ்டில் நடிகர் சங்கம் முதலில் அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் நாடகத்தையே ரத்து செய்வதாக அறிவித்ததும் சில நாட்களில் முடிவை மாற்றிக்கொண்டது. ஒட்டும் சாயமும் கைவிடப்பட்டன, பிரைஸ் நடித்தார்.

ஹுவாங் தன் நாடகத்தை 2017-ல் பிராட்வேயில் மறுபடி மேடையேற்றும்போது திருத்தி எழுதினார். சாங் ஆண் என்பது 1988-ல் பார்வையாளர் பலருக்கு அதிர்ச்சி. 2017-ல் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதனால் இந்தத் தடவை உண்மை வழக்கில் நடந்ததற்குப் பக்கத்தில் போனார். ஷி பெய் பூ முதலில் பூர்சிகோவிடம் ஆணாகத்தான் அறிமுகமானார். பிறகு, ஆண் பிள்ளை வேண்டுமென்ற வீட்டு நெருக்கடியால் ஆணாக வளர்க்கப்பட்ட பெண் தான் என்று சொன்னார். அதற்குத் துணையாக ஒரு பழைய சீனக் கதையையும் எடுத்துச் சொன்னார்: பள்ளியில் படிக்க ஆண் வேடமிட்டுப் போன சூ யிங்தாய், கூடப் படித்த லியாங் ஷான்போவைக் காதலித்து, சாவுக்குப் பின் இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்துபோன கதை. அந்தப் பட்டர்ஃபிளையும் உயிரை விடுகிறாள். ஆனால் அதற்கு முன் புத்தகப் பையோடு வீட்டைவிட்டுக் கிளம்பியவள், கூட ஓர் ஆணும் சாகிறான்.